நானூறு பெரிதா, முந்நூறு பெரிதா?

அமெரிக்க பேஸ்பாலில், 1930இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பில் டெர்ரி .401 என்ற சராசரியில் அடித்தார். 1968இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்தார். இருவருமே அந்தந்த ஆண்டில் தங்கள் லீக்கின் மிக உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டத்தை வென்றவர்கள். டெர்ரிக்குப் பிறகு நேஷனல் லீக்கில் இன்றுவரை யாரும் நானூறைத் (.400ஐ அப்படித்தான் சொல்வார்கள்) தொடவில்லை. யஸ்ட்ரெம்ஸ்கியின் .301தான், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்க, நேஷனல் லீக்குகள் இரண்டிலும் பேட்டிங் பட்டம் வாங்கித் தந்த சராசரிகளிலேயே மிகக் குறைந்தது. ஆக, உச்சத்தில் ஒருவர், அடியில் ஒருவர். ஆனால் பேஸ்பால் கணக்கு பார்ப்பவர்களிடம் கேட்டால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான் என்பார்கள். சிலர் .301தான் உசத்தி என்றும் சொல்வார்கள்.

எப்படி என்று பார்ப்பதற்கு முன், கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பால் பேட்டிங் சராசரியில் ரன் கணக்கே கிடையாது. பேட்டருக்குக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனையில் ஹிட் அடித்தார், அதாவது அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் பேஸை (ஓடிச் சேரும் நிலையை) அடைந்தார் என்பது மட்டும்தான். இந்த வாய்ப்புக்கு அட்-பேட் என்று பெயர். டெர்ரி 633 அட்-பேட்டில் 254 ஹிட்; வகுத்தால் .401. யஸ் (ரசிகர்கள் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்கள், நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன்) 539 அட்-பேட்டில் 162 ஹிட்; .301. பிட்சர் (பந்தெறிபவர்) நான்கு பந்துகளை வெளியே போட்டு இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பினால் அது வாக். அது அட்-பேட்டில் சேராது. பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

1930 ஒரு பைத்தியக்கார வருடம். நேஷனல் லீக் முழுக்கச் சேர்த்துச் சராசரி .303. நட்சத்திரங்களின் சராசரி அல்ல இது. பிட்சர்கள், மாற்று ஆட்டக்காரர்கள் என்று மட்டை பிடித்த அத்தனை பேரையும் கூட்டி வகுத்தால் வரும் எண். எட்டு அணிகளில் ஆறு, அணியாகவே முந்நூறுக்கு மேல் அடித்தன. பிலடெல்பியா பில்லீஸ் .315 அடித்துவிட்டு 102 ஆட்டங்களில் தோற்றது. அடித்ததைவிட வாங்கியது அதிகம்.

பந்து அநியாயத்துக்குத் துள்ளுகிறது என்பது அன்றைய பிட்சர்களின் புலம்பல். அடுத்த ஆண்டே தையலை மேடாக்கி, நேஷனல் லீக்கில் பந்தின் தோலையும் தடிப்பாக்கினார்கள், லீக் சராசரி.303இலிருந்து .277க்கு விழுந்தது. இன்னொரு சலுகையும் 1930 வரை இருந்தது. உயரே தூக்கி அடித்து கேட்ச் ஆனாலும், அந்த இடைவெளியில் பேஸில் நிற்கும் சக ஆட்டக்காரர் ஒரு பேஸ் முன்னேறிவிட்டால், அதைத் தியாகம் என்று எழுதி அட்-பேட் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். 1926 முதல் 1930 வரை இந்த விதி தாராளமாக நடந்தது, 1931இல் ரத்தானது. டெர்ரியின் .401க்குள் இந்தச் சலுகையும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. அவர் நானூறைத் தாண்டியது ஒரு ஹிட் வித்தியாசத்தில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது சின்ன விஷயமில்லை: 253 ஹிட் என்றால் .39968. அதை மேலே தள்ளி .400 என்றுதான் எழுதுவார்கள். ஆனாலும் நானூறாகாத நானூறு.

1968 இதற்கு நேர் எதிர். 1963இலேயே ஸ்ட்ரைக் எல்லையை (பேட்டர் அடிக்காமல் விட்டாலும் அவருக்கு எதிராக எண்ணப்படும் பந்துகளின் எல்லை) தோள்வரை உயர்த்தியிருந்தார்கள். பிட்சர் நிற்கும் மேடு 15 அங்குலம். பந்தெறிபவர்களுக்குக் கொண்டாட்டம். நேஷனல் லீக்கில் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ரன் (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக) மட்டுமே விட்டுக்கொடுத்த விகிதத்தில் ஆண்டை முடித்தார். அமெரிக்க லீக்கில் டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டங்களை வென்றார். அந்த அமெரிக்க லீக்கின் மொத்த சராசரி .230. முந்நூறைத் தொட்டவர் யஸ் ஒருவர்தான். அடுத்தவர் டேனி கேட்டர்,.290. நிர்வாகமே பயந்துபோய் 1969இல் மேட்டை 10 அங்குலமாக வெட்டி, ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கியது. லீக் சராசரி உடனே .246க்கு ஏறியது.

இப்போது வகுத்துப் பார்க்கலாம். டெர்ரியின் .401ஐ .303ஆல் வகுத்தால் 1.32. யஸ்ஸின் .301ஐ .230ஆல் வகுத்தால் 1.31. இடையில் இருந்த நூறு புள்ளிகளைக் காணோம். லீக் சராசரியோடு ஒப்பிடுவது என்றால் அடிப்படையில் இவ்வளவுதான். ஆண்டின் பணவீக்கத்தைக் கழிக்கிற வேலை.

பெரும்பாலான விளக்கங்கள் இங்கே நின்றுவிடும். எனக்கு இதற்கு அப்புறம் வருவதில்தான் ஆர்வம். ஏனென்றால் வகுக்கிற எண்ணை மாற்றினால் தீர்ப்பும் மாறுகிறது.

முதலில் வாக். டெர்ரிக்கு அந்த ஆண்டு 57 வாக், யஸ்ஸுக்கு 119. பேட்டிங் சராசரி என்ற பழைய அளவு இதைக் கண்டுகொள்வதே இல்லை. எப்படியாவது பேஸை அடைந்த விகிதத்தை எடுத்தால் டெர்ரி .452, யஸ் .426. லீக் எண்கள் முறையே .360, .297. வகுத்தால் டெர்ரி 1.26, யஸ் 1.43. அடியின் பலத்தைச் சொல்லும் ஸ்லக்கிங்கில் டெர்ரி .619, லீக் .448, யஸ்.495, லீக் .339. அதாவது 1.38, 1.46. இரண்டு விகிதங்களையும் கூட்டி ஒன்றைக் கழித்து நூறால் பெருக்கினால், ஓபிஎஸ் பிளஸ் என்று இன்று புள்ளிவிவரத் தளங்களில் வருகிற எண்ணின் கச்சா வடிவம் கிடைக்கும். நூறு என்றால் சராசரி ஆள். டெர்ரி 164, யஸ் 189. (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன் இருவருக்கும் 23. அது தற்செயல்.)

மைதானத்தையும் பிட்சர்களின் பேட்டிங்கையும் சரிக்கட்டினால் இரண்டும் இறங்கும். டெர்ரி 160ஐ ஒட்டி நிற்பார், யஸ் 170ஐ ஒட்டி. வித்தியாசம் குறைந்தாலும் வரிசை மாறாது. 1968 யஸ், 1930 டெர்ரியைவிட மேல் என்பதுதான் என் கட்சி. ஆனால் .301 என்பதால் அல்ல, அந்த 119 வாக்கால்.

யஸ் ரசிகர்கள் ரொம்பவும் துள்ளிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். அதே 1968இல் அடுத்த லீக்கில் பீட் ரோஸ் .335 அடித்தார். நேஷனல் லீக் சராசரி .243. விகிதம் 1.38. பிட்சர்களின் ஆண்டு என்ற அனுதாபத்தை மொத்தமாக யஸ்ஸுக்கே எழுதிவைக்க முடியாது. அன்று பருவ ஆட்டங்களில் இரண்டு லீக்குகளும் மோதாது, இறுதியில் உலகத் தொடரில்தான் சந்திக்கும். பிட்சர்களும் வேறு, மைதானங்களும் வேறு. அதனால்தான் ஒப்பிடும்போது அந்த ஆண்டு என்பது போதாது, அந்த லீக் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, லீக் சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? இது சலிப்பூட்டும் கேள்வி போலத் தெரியும், ஆனால் பல சண்டைகள் இதில்தான். பிட்சர்கள் பெரும்பாலும் மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள். அவர்களையும் சேர்த்து எடுத்த சராசரி தாழ்ந்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் எந்த பேட்டரும் கொஞ்சம் உயரமாகத் தெரிவார். 1973இல் அமெரிக்க லீக், பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே தனி ஆள் என்ற விதியைக் கொண்டுவந்தது. 1972இல் .239ஆக இருந்த லீக் சராசரி ஒரே ஆண்டில் .259. முழுக்க அந்த விதியால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும் பங்கு அதற்குத்தான். யஸ் 1961 முதல் 1983 வரை ஆடியவர். பாதி வாழ்க்கை விதிக்கு முன், பாதி பின். பின்பாதியில் அவர் அடிக்காமலே அவரைச் சுற்றித் தரை உயர்ந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை, ஆட்டக்காரரே சராசரிக்குள் இருப்பது. சாதாரணமாக ஒருவரின் எடை லீக் எண்ணை அசைக்காது. பேப் ரூத் மாதிரி ஆள் வந்தால் அசையும். 1920இல் அமெரிக்க லீக் முழுக்க அடித்த ஹோம் ரன் 369. அதில் 54 ரூத்துடையது. அவரை லீக்கோடு ஒப்பிடும்போது, ஏழில் ஒரு பங்கு அவரை அவரோடேயே ஒப்பிடுகிறோம்.

அந்த லீக்கிலிருந்து யாரை வெளியே நிறுத்தியிருந்தார்கள் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. டெர்ரியின் காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. ஜாக்கி ராபின்சன் வந்தது 1947இல். யஸ்ஸின் பாஸ்டன் அணிதான் கடைசியாக, 1959இல், கதவைத் திறந்தது. ஆக .303 என்பது நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களின் சராசரி அல்ல, வெள்ளையர்களில் சிறந்தவர்களின் சராசரி. எந்த வகுத்தலும் இதைச் சரிசெய்யாது. 2024இல் மேஜர் லீக் நிர்வாகம், கறுப்பின ஆட்டக்காரர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக்குகளின் பதிவுகளைத் தன் கணக்கில் சேர்த்தபோது, வாழ்நாள் சராசரியில் டை காபைக் கீழே தள்ளி ஜாஷ் கிப்சன் .372உடன் முதலிடத்துக்கு வந்தார். வெளியே நின்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு அது ஒன்று போதும்.

லீக்கின் தரம் ஏற ஏற, சராசரிக்கு மேலே எம்புவது கடினமாகும் என்பது உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டின் வாதம். நானூறு மறைந்ததற்குக் காரணம் பேட்டர்கள் மங்கியது அல்ல. மோசமான ஆட்டக்காரர்கள் குறைந்து எல்லோரும் நடுவை நோக்கி நெருங்கியதால் இரு ஓரமும் சுருங்கிவிட்டது என்றார் அவர். 1930இல் பேப் ஹெர்மன் .393 அடித்தும் டெர்ரிக்குப் பின்னால்தான் நின்றார். லீக்கோடு வகுத்தால் ஹெர்மன் 1.30. 1968 அமெரிக்க லீக்கில் அந்த உயரத்துக்கு .298 வேண்டும். யஸ்ஸைத் தவிர யாருமே அங்கே இல்லை. ரோஸின் 1.38ஐ நினைவில் வைத்துக்கொண்டால் இதை இரும்பு விதி என்று சொல்ல மனம் வராது. ஒரு போக்கு என்று சொல்லலாம்.

மைதானம் பற்றிச் சுருக்கமாக. ஆட்டங்களில் பாதி சொந்த மண்ணில் நடக்கும், பேஸ்பாலில் மைதானங்களின் அளவு ஒன்றுபோல் இருக்காது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கம் 37 அடி உயரச் சுவர், வெகு அருகில். இடக்கை பேட்டரான யஸ் எதிர்த்திசையில் அந்தச் சுவரில் மோதவிட்டே பல ஹிட்களைச் சேர்த்தார். வாழ்நாளில் ஃபென்வேயில் அவர் சராசரி .306, வெளியூரில்.264. டென்வரின் உயரத்தில் காற்று லேசான கூர்ஸ் ஃபீல்டில் லாரி வாக்கர் .381 அடித்தது இதன் உச்சம். அவரை நம்பலாமா என்று வாக்காளர்கள் பத்து ஆண்டுகள் யோசித்து, கடைசி வாய்ப்பில்தான், 2020இல், புகழ் மன்றத்துக்குள் விட்டார்கள்.

இனி முழு வாழ்க்கைக் கணக்கு. டெர்ரி வாழ்நாள் சராசரி .341. யஸ் .285. இங்கே எதோடு ஒப்பிடுவது? பேஸ்பால் வரலாறு முழுவதற்குமான ஒரே சராசரியோடு ஒப்பிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். ஒவ்வோர் ஆண்டின் லீக் சராசரியையும் எடுத்து, அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த அட்-பேட்டால் பெருக்க வேண்டும். அந்த வாய்ப்புகளில் ஒரு சராசரி ஆள் எத்தனை ஹிட் அடித்திருப்பார் என்பது வரும். எல்லா ஆண்டுகளையும் கூட்டினால் அவரருகே நிழல் ஆட்டக்காரர் ஒருவர் உருவாகிவிடுவார். அதே ஆண்டுகள், அதே வாய்ப்புகள், ஆனால் சராசரித் திறமை.

போட்டுப் பார்த்தேன். டெர்ரி 1923 முதல் 1936 வரை 6428 அட்-பேட். நிழல் ஆள் சுமார் 1817 ஹிட் அடிப்பார், அதாவது .283. டெர்ரி அடித்தது 2193. உபரி 375 சொச்சம். விகிதம் 1.21. யஸ்ஸுக்கு 23 பருவங்கள், 11,988 அட்-பேட். நிழல் ஆள் சுமார் 3025 ஹிட், .252. யஸ் அடித்தது 3419. உபரி கிட்டத்தட்ட 395. விகிதம் 1.13.

வேடிக்கையாக இல்லையா? விகிதத்தில் டெர்ரி தெளிவாக முன்னே. உபரி ஹிட்களில் இருவரும் ஏறக்குறைய சமம், யஸ்ஸுக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் அதைச் சேர்க்க அவருக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு வாய்ப்பு தேவைப்பட்டது. ஓபிஎஸ் பிளஸ்ஸிலும் இதே சாய்வுதான், டெர்ரி 136, யஸ் 130. ஒற்றை ஆண்டில் யஸ் முன்னே, வாழ்நாளில் டெர்ரி முன்னே.

வாழ்நாள் எண் ஒரு வாழ்க்கையின் வடிவத்தை எப்படி மறைக்கிறது என்பதற்கு யஸ்ஸைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1961இல், 21 வயதில், முதல் பருவத்தில் அவர் சராசரி .266. லீக் .256. பத்துப் புள்ளி மேலே. 1983இல், 44 வயதைத் தொட்ட கடைசிப் பருவத்திலும் அதே .266. ஆனால் அப்போது லீக்கும் .266. அட்டையில் இரண்டும் ஒரே எண். ஒன்று வளரும் பையனுடையது, மற்றொன்று அச்சு அசல் சராசரி ஆளுடையது. அதிலும் கடைசி ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் அடிப்பதற்கென்றே நிறுத்தப்பட்டவர். அந்த இடத்தில் சராசரியாக அடிப்பது போதாது.

அந்த 23 பருவங்களை 1970இல் வெட்டிப் பார்த்தேன். முதல் பத்துப் பருவங்களில் 5741 அட்-பேட், 1703 ஹிட், சராசரி .297. நிழல் ஆள் .245. வகுத்தால் 1.21. டெர்ரியின் முழு வாழ்க்கை விகிதமும் அதேதான். உபரி 395இல் சுமார் 295 இந்தப் பத்து ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. மிச்சம் 13 ஆண்டுகளில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அட்-பேட்டில், நூறு.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 1979இல் அவர் 3000 ஹிட்டும் 400 ஹோம் ரன்னும் சேர்த்த முதல் அமெரிக்க லீக் ஆட்டக்காரர் ஆனார். வாழ்நாளில் 1845 வாக் வாங்கினார். சராசரிக்குச் சற்று மேலே நிற்கும் ஒருவர் வருடா வருடம் கிடைப்பது அணிக்குப் பெரிய வசதி. சராசரி ஆள் என்பவர் சும்மா கிடைப்பவர் அல்ல. மேஜர் லீக்கில் சராசரியாக ஆடுவதே உலகத்தில் சில நூறு பேருக்குத்தான் முடிகிறது. ஆனால் விகிதம் என்று வந்துவிட்டால், இந்த உழைப்பு அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. ஒவ்வொரு வயதான பருவமும் 1.21ஐக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தது.

டெர்ரியின் கணக்கில் இந்த இறக்கம் கிடையாது. அவர் தாமதமாக, 24 வயதில் வந்தார்; 1932 நடுவிலிருந்து அணியின் மேலாளரும் அவரே. 1936இல் முழங்கால் படுத்திய பாட்டில் பாதி ஆட்டங்கள்தான் ஆடினார், லீக்.278 அடித்தபோது .310 அடித்தார். அத்தோடு மட்டையை வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்து அணியை நடத்தினார். இன்னும் ஆறேழு பருவம் நொண்டிக்கொண்டே ஆடியிருந்தால் அந்த 1.21 எங்கே போய் நின்றிருக்கும் என்று கணக்கிட வழியில்லை. யஸ் ஆடினார், 1.13 வந்தது.